ஒன்பதாம் அறையின் தண்ணீர்

முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதற்கு என்ன, வாய்தானே. கத்தியைக் காட்டியவனையும் காலில் விழுந்தவனையும் ஒரே முகத்தோடு அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது அவள் உடம்பில் ஒரு சீருடை இருந்தது, கையில் ரசீதுப் புத்தகம் இருந்தது, சங்கிலியை இழுத்தால் நிற்கிற ரயிலும் இருந்தது. ஓய்வு பெற்றபின் அவள் ஏற்றுக்கொண்ட வேலையில் இதெல்லாம் கிடையாது. கழுத்தில் ஒரு அட்டை, பையில் ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

வேலை இதுதான். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். சாப்பாடு ஆறிப்போய் வருகிறதா, மணி அடித்தால் ஆள் வருகிறதா, யாராவது அதட்டுகிறார்களா என்று கேட்க வேண்டும். குறை இருந்தால் அவர்கள் பக்கம் நின்று நிர்வாகத்திடம் பேச வேண்டும். சம்பளம் இல்லாத தொண்டு. இல்லத்துக்கு வெளியே இதற்கென்று இருக்கிற அமைப்பில் ஆறு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஆறு நாளில் ஒருங்கிணைப்பாளர் அறுபது தடவையாவது சொன்ன விஷயங்கள் இரண்டு. குறை அவர்களுடையது, அவர்கள் சரி என்று சொல்லாமல் நாம் வாயைத் திறக்கக் கூடாது. குறை சொன்னது யார் என்று சுவருக்குக்கூடத் தெரியக் கூடாது. அதனால்தான் அறைக்குப் பத்து நிமிஷம் என்று கணக்கு. குறை இருக்கிற அறையிலும் பத்து, குறட்டை விடுகிற அறையிலும் பத்து.

இரண்டாம் மாடி அவள் பொறுப்பு. பதினாலு அறை, அறைக்கு ஒருவர். புதன்கிழமை மூன்று மணிக்கு வந்து ஐந்தரைக்குக் கிளம்புவாள். அதனால் அங்கே அவளுக்குப் பெயர் புதன்கிழமை அம்மா.

ஒன்பதாம் அறையில் ஃபோர்மேன் இருந்தார். இரும்புத் தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்த்தவர். ஒரு அதட்டல் போட்டால் பட்டறையே கப்சிப் ஆகிவிடுமாம். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வலது கை கொஞ்சம் எட்டும். குரல் இன்னும் இருந்தது, ஆனால் அவர் அதைக் கொஞ்ச நாளாக வெளியே எடுப்பதில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் உள்ளே நுழைந்ததுமே, "கதவ சாத்துங்க" என்றார்.

சாத்தினாள்.

"ஜக்கு எங்க இருக்குன்னு பாருங்க."

தண்ணீர் ஜக்கு ஜன்னல் திட்டின்மேல் இருந்தது, கட்டிலிலிருந்து நாலு எட்டுத் தள்ளி. பக்கத்தில் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது.

"மூணு மணிக்கு ஷிஃப்ட் மாறுதில்ல, தங்கம் வந்ததும் முதல் வேலை இதுதான். பதினாலு ரூம்லயும் ஜக்க எடுத்து எட்டாம வச்சிடும். தண்ணி குடிச்சா டயாப்பர் நனையும். நனைஞ்சா மாத்தணும். குடிக்கலன்னா வேலை மிச்சம்."

தங்கம் என்பது மாலை ஷிஃப்ட்டில் வருகிற பராமரிப்பாளர். அவளுடைய பெயர் அதுவல்ல. எல்லோரையும் தங்கம் என்று கூப்பிடுவாள், அதனால் அவளும் தங்கம் ஆகிவிட்டாள். சிரித்த முகம். இல்லத்துப் பொறுப்பிலுள்ள மேட்ரன் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள்.

"கேட்டா தரமாட்டாங்களாய்யா?"

"கேட்டா, மாத்திரையோட தரேன் தங்கம்னு சொல்லும். மாத்திரை உள்ள போக ஒரு வாய். அப்புறம் காலைல ஏழு மணிக்கு." ஃபோர்மேன் நாக்கால் உதட்டைத் தடவினார். உதடு வெடித்து, வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. "முந்தாநாள் எட்டி எடுக்கலாம்னு பாத்தேன். கட்டில்லேந்து விழ இருந்தேன்."

அவள் நோட்டில் ஒன்பது என்று எழுதி, கீழே இரண்டு வரி குறித்துக்கொண்டாள். "நான் மேட்ரன்கிட்ட பேசட்டுமா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "வேணாம்."

"உங்க பேரு வெளிய வராம..."

"வேணாம்னு சொல்றேன்ல. நீங்க அஞ்சரைக்குப் போயிடுவீங்க. நான் இங்கதான் கிடக்கணும். எழுதினதக் கிழிங்க."

கிழித்தாள்.

"இன்னும் சின்னதா."

இன்னும் சின்னதாகக் கிழித்தாள்.

"குப்பைக்கூடைல போடாதீங்க. பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." நாற்பது பேரை மேய்த்த மனிதர், நாலு துண்டுக் காகிதத்தைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஜக்கை எடுத்து வந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். மடக்மடக்கென்று இரண்டு டம்ளர் குடித்தார். டம்ளரை வாங்கி வைத்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், பத்து நிமிஷம் முடிந்தது என்று பத்தாம் அறைக்குப் போனாள்.

கிளம்பும்போது தங்கம் மாடிப்படி வரை வந்து வழியனுப்பினாள். "பாத்துப் போங்க தங்கம். படி ஈரமா இருக்கு."

வீட்டில் அவள் கணவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து சோபாவில் ராஜாவாகச் சாய்ந்திருந்தார். பத்து நாளாக அவர் இருந்த இடத்திலிருந்தே ஆட்சி நடந்தது. ஏழு மணி இருக்கும். "அந்த டம்ளர இப்படித் தள்ளேன். எட்டி எடுக்க நான் என்ன சர்க்கஸ்காரனா?" என்றார்.

தள்ளினாள். தள்ளிய கை டம்ளரை விடவில்லை.

"என்ன, டம்ளர் கடிச்சிடுச்சா?"

"வச்சிட்டு வந்துட்டேன்."

"எத? குடையா?"

"ஜக்க. அவரு கைக்கிட்ட வச்சிட்டு வந்துட்டேங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பதிமூன்று அறையில் ஜக்கு ஜன்னல் திட்டில். ஒரே ஒரு அறையில் மட்டும் மேசையில், அதுவும் வலது பக்கம், விளங்குகிற கைக்கு நேராக. அவராக எழுந்து எடுத்திருக்க முடியாது. புதன்கிழமை அம்மாதான் எடுத்து வைத்திருக்க வேண்டும், அவர் சொல்லித்தான் வைத்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை தேவையில்லை. காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தவள், அவர் சொன்னதை அப்படியே மேசைமேல் கடை பரப்பிவிட்டு வந்திருக்கிறாள்.

பெயர், அறை எண் எதுவும் சொல்லாமல் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கும் கேலி ஓடவில்லை.

"ஒரு போன் போட்டு விசாரியேன்."

"போன் போட்டா இல்லாத சந்தேகமும் வந்துடும்."

ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் முழுவதும் கேட்டாள். "அவரு பேச வேணாம்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப பேச முடியாது. குறை அவருது, உங்களோடது இல்ல."

"தப்பு என்னோடதாச்சே. நாளைக்கே போறேன்."

"நீங்க எப்ப வேணா போகலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனா வியாழக்கிழமை போய் நேரா அவரு ரூமுக்குள்ள நுழைஞ்சீங்கன்னா, மேசைல வச்சதே தேவலன்னு ஆயிடும். ஒண்ணாம் ரூம்லேந்து வரிசையா போங்க. பத்துப் பத்து நிமிஷம். ஒரு நிமிஷம் குறையக் கூடாது."

அன்று அவள் தூங்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தாள். குடிக்கப் பிடிக்காமல் டம்ளரை வைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு இரண்டாம் மாடியில் கால் வைத்தபோது தங்கம் தள்ளுவண்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தாள். பதினாலு பேரைத் தூக்கிப் புரட்டுகிற கை, வீங்காமல் என்ன செய்யும். மூன்று மணிக்கு வந்தால் மறுநாள் காலை ஏழு வரை அவள் ஒருத்திதான். அதையும் புதன்கிழமை அம்மா அறிவாள். அறிந்து என்ன, பயம் போகவில்லை.

"வாங்க தங்கம்! இன்னிக்கு புதன்கிழமையா, இல்ல நான்தான் காலண்டர்ல ஒரு தாள சேத்துக் கிழிச்சிட்டேனா?"

"அடுத்த வாரம் வெளியூர் போறேன். அதான் இப்பவே ஒருதடவ பாத்துட்டுப் போலாம்னு."

இந்தப் பொய்யை ஒரு பயணி சொல்லியிருந்தால் அவளே அபராதம் போட்டிருப்பாள். தங்கம் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். "பாருங்க, பாருங்க. நம்ம வீடு மாதிரிதானே."

நடைபாதை நேராக நீண்டு கிடந்தது. ஒன்பதாம் அறைக் கதவு அங்கிருந்தே தெரிந்தது. சாத்தியிருந்தது. முப்பது அடி எடுத்து வைத்தால் போய்விடலாம். அவள் ஒன்றாம் அறைக்குள் நுழைந்தாள்.

ஒன்றாம் அறைக்காரி அந்தக் காலத்தில் அழகு நிலையம் நடத்தியவள். அவளுக்கு ஒரே சந்தோஷம். "புதன்கிழமை வந்துடுச்சா? அப்ப எனக்குத் தலைக்குக் குளிப்பாட்டுவாங்க!" நேற்றுதான் குளிப்பாட்டினார்கள் என்றால் ஒத்துக்கொள்ளவில்லை. நீ வந்தால் புதன்கிழமை, அவ்வளவுதான் என்றாள். ஜக்கு ஜன்னல் திட்டில் இருந்தது. புதன்கிழமை அம்மா யோசித்தாள். ஒரு ஜக்கு மேசைக்கு வந்ததால் ஒருவர் மாட்டிக்கொண்டார். எல்லா ஜக்கும் மேசைக்கு வந்துவிட்டால் அது யாருடைய புகாராகவும் இருக்காது, அவளுடைய கிறுக்குத்தனம் என்று போகும்.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?"

"கேக்கணுமா?"

குடிக்கக் கொடுத்தாள். ஜக்கைக் கைக்கிட்ட வைத்துவிட்டு வெளியே வந்தாள். இரண்டாம் அறையிலும் அப்படியே செய்தாள்.

அவள் இரண்டாம் அறையில் இருந்தபோது நடைபாதையில் தள்ளுவண்டி கிரீச்சிட்டுக்கொண்டு வந்து ஒன்றாம் அறைக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் டொக் என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் ஜக்கைச் சிமெண்டுத் திட்டில் வைக்கிற சத்தம்.

மூன்றாம் அறைத் தாத்தாவுக்குக் காது மந்தம். தனக்குக் கேட்கவில்லை என்பதால் உலகத்துக்கே கேட்காது என்று நினைத்துப் பேசுவார். "நேத்துதானேம்மா வந்தே! இன்னிக்கு என்ன விசேஷம்? யாராவது புகார் கிகார் சொன்னாங்களா?" என்று மாடி அதிரக் கேட்டார். அவள் சட்டென்று வாயில் விரலை வைத்துக் காட்டினாள். "என்ன, பல்வலியா?" என்றார் அவர்.

பின்னால் இரண்டாம் அறையில் டொக்.

ஒரு அறை பின்தங்கி, அவள் போகிற வழியிலேயே, அதே நிதானத்தில் வண்டி வந்துகொண்டிருந்தது. தங்கம் அவளை எதுவும் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. ஒவ்வொரு அறையிலும், "தாகமா இருந்துச்சா தங்கம்? யாரு கொடுத்தா? அப்படியா, நல்லதாப் போச்சு" என்று கொஞ்சுகிற குரல் மட்டும் கேட்டது. பிறகு டொக்.

கடிகாரத்தைப் பார்த்தாள். நான்காம் அறையில் மூன்று நிமிஷம்தான் ஆகியிருந்தது. இன்னும் ஏழு. அங்கே இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிற மனிதருக்கு முன்னால் ஏழு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஓடு, ஓடிப்போய்ப் பார் என்று கால்கள் கெஞ்சின. ரயிலில் டிக்கெட் இல்லாதவன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அவள் வரிசை வரிசையாக நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு, அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆறாம் அறைக்காரி தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்று இன்னும் மறக்காதவள். அவள் புதன்கிழமை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு பேசினாள்.

"ஒம்பதாம் நம்பர்ல நேத்து சாயங்காலம் என்னமோ ஆச்சு."

"என்ன ஆச்சு?"

"மணி அடிச்சாரு. ரொம்ப நேரம் அடிச்சாரு. அப்புறம் கூப்பிட்டாரு. அந்த மனுஷன் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. அப்புறம் நிறுத்திட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. இன்னிக்கு முழுக்க ஒரு சத்தமும் இல்ல. தொண்டையக்கூட செரும மாட்டேங்கறாரு." அவள் கண் கதவுப் பக்கம் போனது. உடனே குரலைத் தூக்கி, "சாப்பாடு எல்லாம் நல்லா இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல!" என்றாள். வாசல் வரை வந்த கிரீச் சத்தம் திரும்பிப் போயிற்று.

ஏழு. எட்டு. எட்டாம் அறையில் இருந்தவளுக்குப் பேச்சு கிடையாது. டம்ளரைக் கண்டதும் வாயைத் திறந்தாள், தொண்டை ஏறி இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அறைக்கும் ஒன்பதாம் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். புதன்கிழமை அம்மா சுவரில் காதை வைக்காத குறை. ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் காலியாக இருந்தால்? கதவிலிருந்த பெயரட்டையை எடுத்திருந்தால்? மேட்ரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, வயசானவங்கதானே என்று சொன்னால்? இல்லாத விபரீதமெல்லாம் மனதில் ஓடியது. பத்து நிமிஷம் ஆயிற்று. எழுந்தாள்.

கதவைத் தட்டினாள். திறந்தாள்.

ஃபோர்மேன் இருந்தார். உயிரோடு, கண் திறந்து, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். படுக்கை விரிப்பு புத்தம் புதிதாக மாற்றப்பட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவள், அடுத்த நொடி மேசையைப் பார்த்தாள்.

ஜக்கு மேசையில் இருந்தது. வலது பக்கம், அவர் கைக்கு நேராக, அவள் நேற்று வைத்த அதே இடத்தில். விளிம்புவரை தண்ணீர். பக்கத்தில் டம்ளரிலும் ஊற்றி வைத்திருந்தது. மாடி முழுக்க எட்டாத இடத்தில் இருந்த ஜக்கு, இங்கே மட்டும் கைக்கிட்ட.

அவர் உதடு நேற்றைவிட மோசமாக வெடித்திருந்தது.

"ஐயா, தண்ணி..."

"வேணாம்."

"தாகமா இல்லையா?"

"இல்ல. நான் தண்ணி கேக்கல. நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கல." கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

கதவருகே தங்கம் நின்றிருந்தாள். கிரீச் சத்தம் எப்போது நின்றது என்று புதன்கிழமை அம்மாவுக்குத் தெரியவில்லை. "பாத்தீங்களா தங்கம், கைக்கிட்டயேதான் வச்சிருக்கோம். அவருதான் குடிக்க மாட்டேங்கறாரு. நேத்து நல்லா குடிச்சாரு. இல்லீங்களா தங்கம்?"

"ஆமா" என்றார் ஃபோர்மேன்.

மூன்றாம் அறையில் மணி அடித்தது. நல்ல வேளை, செவிட்டுத் தாத்தா கையை எடுக்காமல் அழுத்துகிற பழக்கம் உள்ளவர். தங்கம் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுப் போனாள். வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை அம்மா கட்டிலருகே குனிந்தாள். "என்ன பண்ணாங்க?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். குரல் உள்ளே போயிருந்தது. "நீங்க போனதும் வந்துச்சு. ஜக்கப் பாத்துச்சு. கோவிச்சுக்கல. உங்க சிநேகிதி வச்சிட்டுப் போச்சா தங்கம், குடிங்கன்னுச்சு. வாயில வச்சு நாலு டம்ளர். போதும்னேன். இன்னொண்ணு தங்கம்னுச்சு." நிறுத்தினார். "அப்புறம் ஏழு மணிலேந்து காலைல ஆறு வரைக்கும் மாத்தல. மணி அடிச்சேன். வந்து மணிய நிறுத்திட்டு, இவ்வளவு குடிச்சா இப்படித்தான் ஆகும் தங்கம்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. கத்தினேன். கதவ சாத்திடுச்சு. மேட்ரன் வரதுக்கு முன்னாடி எல்லாம் மாத்தி, பவுடர் போட்டு..." அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "ஈரத்துல கிடந்தேம்மா. சின்னக் குழந்தை மாதிரி."

அழுவதற்கு நேரமில்லை. "தப்பு என்னுது ஐயா. ஜக்க நான்தான் மறந்து வச்சிட்டுப் போனேன். நான்தான் உங்கள மாட்டிவிட்டேன்."

அவர் திரும்பினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்கிட்ட வேலைக்குச் சேர வரவனுக்கு முதல் நாள் சொல்லுவேன், மெஷின் ஓடும்போது நல்லது பண்றேன்னு கைய உள்ள விடாதேன்னு. விட்டீங்களே! உங்க விரல் போகல. என் விரல் போச்சு."

"ஆமாய்யா."

"ஆமாய்யான்னா ஆச்சா?"

"ஆகல." அவள் கீழே பார்க்கவில்லை. "இப்ப ரெண்டு விஷயம் சொல்றேன், கேளுங்க. நீங்க சரின்னு சொன்னா எழுதறேன், மேட்ரனுக்கும் மேல இருக்கறவங்களுக்கும் போகும். வேணாம்னா மூச்சு விடமாட்டேன். அது ஒண்ணு. இன்னொண்ணு, எங்க விதிப்படி நீங்க இருங்கன்னு சொன்னா நான் எந்நேரமும் இந்த ரூம்ல இருக்கலாம். என்னை யாரும் போகச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்லணும்."

"இன்னிக்கு இருப்பீங்க. நாளைக்கு?"

"நாளைக்கு விஷயம் மேல போயிருந்தா, எனக்குப் பதிலா எங்க அமைப்புலேந்து தினம் ஒருத்தர் வருவாங்க. போகலன்னா, நான் வருவேன். அதுக்கு மேல சத்தியம் பண்ண எனக்குத் தெரியலைய்யா."

உண்மையைச் சொன்னாள். பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம், ஆனால் அவருக்குப் பொய் தேவைப்படவில்லை. அவருக்குத் தேவையான உறுதி அவளிடம் இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நேற்று ஒரு ஜக்கை நகர்த்தியதற்கே இந்தக் கதி. எழுத்தில் போனால் என்ன ஆகும்? தங்கத்தின் வேலை போனால், அந்த இடத்துக்கு வருகிறவள் எப்படிப்பட்டவளோ. வேலை போகாவிட்டால் அதைவிட மோசம்.

நடைபாதையில் செருப்புச் சத்தம் வந்தது. ஃபோர்மேனின் வலது கை போர்வையை இறுகப் பிடித்திருந்தது.

தங்கம் உள்ளே வந்தாள். "பத்து நிமிஷம் தாண்டிடுச்சே தங்கம். பத்தாம் ரூம்ல காத்துட்டிருக்காங்க. ஐயாவுக்கு ரெஸ்ட் வேணும்." கட்டில் பக்கமாக வந்து போர்வை ஓரத்தை மென்மையாக இழுத்துவிட்டாள். "இல்லீங்களா தங்கம்?"

புதன்கிழமை அம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் சார்பாக ஒரு வார்த்தை பேசினாலும் அது நேற்று ஜக்கை நகர்த்திய அதே தப்புதான். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் பத்தாம் அறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

ஃபோர்மேனின் கை போர்வையை விட்டது. மேசைப் பக்கம் நகர்ந்தது. மெல்லப் போய் டம்ளரைத் தொட்டது, நழுவவிட்டது, மறுபடி பிடித்தது. பாதி தண்ணீர் மார்பில் கொட்டியது. மீதியை வாயில் வைத்துக் குடித்தார். தங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கண்ணை எடுக்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

குடித்துவிட்டு, "உக்காருங்க" என்றார் புதன்கிழமை அம்மாவிடம். "நோட்ட எடுங்க."

எடுத்தாள்.

"எழுதுங்க. ரூம் நம்பர் ஒம்பது." மூச்சு வாங்கினார். "பெரிசா எழுதுங்க."

அவள் எழுதினாள். பெரிதாக எழுதியதில் ஒன்பதின் வால் அடுத்த வரிக்குள் போய்விட்டது.

தங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது, ஆனால் அதைக் கழற்றி வைக்க மறந்துவிட்ட மாதிரி இருந்தது. வீங்கிய மணிக்கட்டை மறு கையால் தடவிக்கொண்டாள். "நான் காலைல ஏழு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள். வாசலில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் வாயிலிருந்து தங்கம் என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் வந்ததை அவர்கள் இருவரும் அன்றுதான் கேட்டார்கள்.

புதன்கிழமை அம்மா ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். பிறகு வீட்டுக்குப் போட்டாள். "இன்னிக்கு டம்ளர நீங்களே எட்டி எடுத்துக்குங்க. நான் காலைலதான் வருவேன்." கணவர் எதுவும் கேலி பேசவில்லை. கதவை உள்பக்கம் தாழ் போடு என்று மட்டும் சொன்னார். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது என்று அவரிடம் அவள் சொல்லவில்லை.

நாற்காலியைக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மணி ஐந்தரை ஆயிற்று. வழக்கமாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்குகிற நேரம். ஃபோர்மேன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட மாட்டீங்களே?" என்றார்.

"மாட்டேன்" என்றாள். வெளியே தள்ளுவண்டி கிரீச்சிட்டுக்கொண்டு நடைபாதையில் வந்தது. எட்டாம் அறைக்குள் போனது, டொக் என்ற சத்தம் கேட்டது, மறுபடி நகர்ந்தது. ஒன்பதாம் அறை வாசல் வரை வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.